சூனியத்தின் வேர்

காலிரண்டும் வீங்கி, கணுக்கால் எலும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி விரிப்பு மடிக்கிறவளுக்கு வேறென்ன வரும்? "ஒரு வாரம் காலைத் தூக்கி வச்சுப் படுங்க. இல்லைன்னா புண்ணாகும், அப்புறம் வேலையை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் படுத்தால் அப்பாவை யார் பார்ப்பது? பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார்; புரட்டுவதும் கழுவுவதும் நான்தான். அந்த ஒரு வாரத்துக்குத்தான் தம்பியை வரச் சொன்னேன். "கண்டிப்பா வர்றேன்க்கா" என்றான்.

வந்தான். கையில் பை இல்லை. மாற்றுத் துணி இல்லாமல் எவன் ஒரு வாரம் தங்குவான்? அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி காலேஜில் தத்துவம் நடத்துகிறவன். குனிந்து என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். குழி விழுந்தது, எழவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, சூனியம்ங்கிற சொல்லுக்கு வேரே இதுதான்! வடமொழியில வீங்கறதுன்னு அர்த்தம். வெளியே உப்பினது உள்ளே காலி. அப்படித்தான் அது வெறுமைன்னு ஆச்சு. நாளைக்கு இதைத்தான் பேசப் போறேன்."

"நாளைக்கா? எங்கடா?"

என் காலை விட்டுவிட்டுப் போனை எடுத்து மணி பார்த்தான். கட்டிலிலிருந்து அப்பா கோணிய வாயால் கேட்டார்: "யாருக்குடா சூனியம் வச்சிருக்கு?"

"அதில்லப்பா. ஒண்ணுமே இல்லைன்னும் அர்த்தமில்ல. எதுவும் தன்னால தனியா நிக்காது, இன்னொண்ணைச் சார்ந்துதான் இருக்கும். பௌத்தம் சொல்ற சூனியம் அது."

"நம்ம அப்பா யாரைச் சார்ந்து இருக்காருன்னும் மேடையில சொல்லுவியா? இந்தா, பிடி. அவரைப் புரட்டணும்."

அப்பாவுக்கு அடியில் கிடந்த விரிப்பின் ஒரு பக்கத்தை அவனிடம் கொடுத்தேன். எங்கள் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும்போது "விடுறேன்" என்று சொல்லாமல் ஒருத்தியும் முனையை விடமாட்டாள். அந்தத் தைரியத்தில் எதிரே நிற்பவளைப் பார்க்காமலே இழுப்போம். கை அதே பழக்கத்தில் இழுத்தது. அவன் போன் அடித்தது. சொல்லாமல் விட்டுவிட்டான். அப்பா என் பக்கமாக உருண்டு, கட்டில் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டார்.

"இதோ கிளம்பிட்டேன் சார்" என்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"பாவி, விடுறேன்னு ஒரு வார்த்தை வராதாடா உனக்கு? மணிக்கணக்காப் பேசறியே!"

"கத்தாதேக்கா. கூட்டம் ஏற்பாடு பண்ணிட்டாங்க. அடுத்த மாசம் கண்டிப்பா..."

"அடுத்த மாசம் என் கால் இருக்குமா?"

"போகட்டும் விடும்மா" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. விட்டு விட்டுத்தான் இவன் இப்படி ஆனான்."

வாசலில் கிடந்த அவன் ஷூவை எடுத்துத் தெருவில் வீசினேன். பொறுக்கி மாட்டிக்கொண்டு போனான்.

அப்பாவின் நெற்றியில் ஈரத்துணி வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

தம்பி எனக்கு ஒரு வாரம் பாக்கி வைத்திருக்கிறான்.