இருபத்து மூன்று பேருக்கு ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பொன்னாடையில். 2004-இல் ஜெயங்கொண்டத்தில் நடந்த பட்டிமன்றத்தில் எனக்குப் போர்த்தினார்கள். தலைப்பு, ‘ஏழையின் மருத்துவக் காப்பீட்டை நடத்த வேண்டியது அரசா, கம்பெனியா?’ நான் அரசு அணி. கொள்கையெல்லாம் இல்லை, சீட்டுக் குலுக்கியதில் அது விழுந்தது. மற்றச் சீட்டு விழுந்திருந்தால் கம்பெனிக்காகவும் இதே அளவு கண்கலங்கியிருப்பேன்.

போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் காப்பீட்டுச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார். அந்த விஷயத்தில் நான் பெரிய ஆள் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். நான் இளையபெருமாள், தமிழாசிரியர்.

2

தொடக்கம் அ: ‘முந்திரித் தோப்புகளின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி...’ (சீச்சீ.)

தொடக்கம் ஆ: ‘சுகாதாரத்துக்கென அரசு ஒதுக்கும் நிதியைக் கூர்ந்து நோக்குங்கால்...’ (ஆசிரியருக்குப் பிடிக்கும். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

தொடக்கம் இ: சுந்தராம்பாளுக்குக் கைரேகை கிடையாது.

இது இருக்கட்டும்.

3

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் சுந்தராம்பாள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். ஓட்டிலிருந்து வழியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். பதினைந்து வருஷம் உடைத்தவளின் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தால் ஒரு கறுப்புத் திட்டு விழும், அவ்வளவுதான். கொட்டகையில் எல்லாப் பெண்களுக்கும் அதே கதை.

அதற்கு ஊர் ஒரு வழி வைத்திருந்தது. மலர்க்கொடி. தையல் மிஷின் வைத்திருப்பவள், ஒன்பதாவது வரை படித்தவள். தனக்குக் கையெழுத்துப் போடுவாள், ஊருக்குக் கைநாட்டு வைப்பாள். ரேஷன் கடையோ, மகளிர் குழுவோ, எந்தத் தாள் வந்தாலும் அவளைக் கூப்பிடுவார்கள். வந்து பத்து விரலுக்கு வேலை கொடுக்காமல் ஒரே விரலால் ஊரை முடித்துவிட்டு, மையைத் தலையில் துடைத்துக்கொண்டு போவாள். இதைக் குற்றம் என்று யாரும் நினைத்ததில்லை. உடம்புக்கு முடியாதவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுபோல ஓர் ஒத்தாசை.

(மலர்க்கொடியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே பாதி எழுதிவிட்டு அடித்தேன். அவள் இல்லாமல் கதை நகரவில்லை, திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன்.)

அந்த வருஷம் ஒரு காப்பீட்டுத் திட்டம் வந்தது.* கட்டணத்தில் பாதியை அரசு கட்டும், வைத்தியச் செலவைக் கம்பெனி கொடுக்கும். விண்ணப்பத்தை நிரப்பித்தருவது வழக்கம்போல ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான என் தலையில். கொட்டகையில் இருபத்து மூன்று பெண்கள். இருபத்து மூன்று தாளிலும் மலர்க்கொடியின் கட்டைவிரல். ஒவ்வொன்றின் அடியிலும் ‘என் முன்னிலையில் வைக்கப்பட்டது’ என்று என் கையெழுத்து. முன்னிலையில்தான் வைத்தாள், அதில் பொய்யில்லை.

* திட்டத்தின் பெயர் வேண்டாம். தாளில் ‘அரியலூர் மாவட்டம்’ என்று அச்சடித்து, அதை அடித்துப் ‘பெரம்பலூர்’ என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தது. மாவட்டத்தையே ஒரு வருஷம் தந்துவைத்திருந்துவிட்டு அரசு திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. இப்போது மறுபடியும் தரப்போகிறார்களாம்.

4

பட்டிமன்றத்தைச் சொல்லாவிட்டால் பொன்னாடைக்குத் துரோகம். நான் அரசைத் தாய் என்றேன். எதிரணியில் மருந்துக்கடை சிங்காரவேலு. அந்தத் தாயின் ஆஸ்பத்திரியில் ஊசி இருந்தால் மருந்து இல்லை, மருந்து இருந்தால் டாக்டர் இல்லை, போட்டிக்குப் பயந்து கம்பெனிதான் ஓடிவந்து கவனிக்கும் என்றார். கம்பெனி ஓடிவருவது பிரீமியம் வாங்க மட்டும்தான் என்றேன். விசில் பறந்தது. அரசு காசை வாங்கிக் கம்பெனி நடத்தும் இந்தத் திட்டம் யாருடைய பிள்ளை என்று இருவருமே கேட்கவில்லை. இரண்டு அணிக்கும் ஆகாத கேள்வி.

அரசும் வேண்டும், கம்பெனியும் வேண்டும் என்றார் நடுவர். எல்லா ஊரிலும் எல்லா நடுவரும் சொல்வது.

இறங்கி வரும்போது சுந்தராம்பாளின் கணவர் வைரக்கண்ணு, சோடாவைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“அரசாங்கம் குடுக்கணுமா கம்பெனி குடுக்கணுமான்னு மூணு மணி நேரம் பேசுனீங்க சார். குடுக்குறாங்களான்னு யாரும் கேக்கலியே.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுந்தராம்பாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் இருபது நாள் ரத்தம் போகிறது, எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

5

பெரம்பலூரில் திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படுக்கை கொடுத்துவிட்டார்கள். காப்பீட்டு மேஜையில் ஜாவித் என்று ஒருவர், லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சுந்தராம்பாளின் விரலை வாங்கித் தாளில் வைத்துப் பார்த்தார். திட்டு. கையைக் கழுவச்சொல்லித் திரும்ப வைத்தார். அதே திட்டு. விண்ணப்பத்தில் மட்டும் அழகான சுழி ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார்.

“சார், இது இவங்க கைநாட்டுதான்னு சாட்சிக்காரர் நேர்ல வந்து ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா கேஸ் திரும்பிடும்.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“மத்த ஃபாரத்தையும் பாத்தேன் சார். பாக்கலன்னு வச்சுக்கங்க. நீங்க வாங்க, இன்ஷா அல்லாஹ் முடிச்சுடலாம்.”

(இப்படி ஒரு நல்ல மனிதரைக் கம்பெனி மேஜையில் உட்காரவைத்ததற்கு என் அணி என்னை மன்னிக்காது. ஆனால் அவர் அங்கேதான் இருந்தார்.)

6

மதியம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், அரியலூர், பெரம்பலூர். டிக்கெட் பெரம்பலூருக்குத்தான் எடுத்தேன்.

அன்று ஆறு மணிக்கு அரியலூரில் எனக்குப் பட்டிமன்றம். அதே தலைப்பு, அதே அணிகள். மூன்றரைக்குப் பஸ் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பெரம்பலூர் போய் எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினால் மேடைக்கு நேரமாகிவிடும் என்று

இந்த வாக்கியத்தை மூன்று வருஷமாக மனசுக்குள்கூட முடிக்க முடியவில்லை. மேடை ஒரு சாக்கு. எனக்குப் பயம். பொய் என்று தெரிந்தே நேரில் போய் எழுதிக்கொடுத்து, அது பிடிபட்டால் வேலை போகும்.

இறங்கிவிட்டேன்.

7

மாற்று முடிவுகள்.

அ. இறங்கவில்லை. எழுதிக்கொடுக்கிறேன். ஆபரேஷன் முடிகிறது. (ஆறு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் மிக நல்லவனாக வருகிறேன்.)

ஆ. நான் போகாததால் மற்ற இருபத்திரண்டு தாளும் கிளறப்படாமல் பிழைத்தன. (உண்மை. அந்த வருஷம் அவர்களில் ஒருத்திக்கும் தலைவலிகூட வரவில்லை.)

இ. அரசு விழித்துக்கொள்கிறது. (ஆசிரியர் இதைத்தான் கேட்டார்.)

8

நடந்தது இதுதான். சுந்தராம்பாளை மூன்றாம் நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் எதிரே வந்துவிட்டாள், வைரக்கண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒதுங்க இடமில்லை. வெளிறிப்போயிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“லோக்கல் கேபிள்ல உங்க பேச்சப் போட்டாங்க சார், பாத்தோம். அரியலூர்ல பேசுனது. ஏழைபாழைக்காக நல்லா பேசுனீங்க. இவரு வூட்டுல ஒக்காந்துகிட்டுக் கைதட்டுனாரு.”

கேலி இல்லை. கேலி செய்யத் தெரிந்தவள் இல்லை. வைரக்கண்ணு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஜூனில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டேன்.

முடிவு வேண்டும் என்கிறவர்கள் ஜெயங்கொண்டத்தில் இறங்கி, வரதராஜன்பேட்டை டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய், பக்கத்து ஊரில் கொட்டை உடைக்கும் கொட்டகையில் சுந்தராம்பாள் என்று கேளுங்கள். இருந்தால் அவளே சொல்வாள். நான் போய்க் கேட்கவில்லை.