ஓர்லா சாகடித்த அப்பா

ஓர்லா ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் நேரலை. டப்ளின் மதுக்கடைகளில் மூன்று வருடமாக நாற்பது பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவளை, சனிக்கிழமை இரவு நாடே தூங்காமல் பார்க்கும் மலாக்கியின் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டதே ஒரு கதைக்காகத்தான். அவள் அப்பாவின் சாவு வீட்டில், பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாண்ட்விச்சில் கடுகு தடவலாமா கூடாதா என்று இரண்டு அத்தைகள் குடுமிப்பிடிச் சண்டை போடும் கதை.

அப்பா டோனல், லீட்ரிம் கிராமப்புறத்தில் இருபது மாடும் ஒரு டிராக்டருமாகக் குத்துக்கல் போல உயிரோடு இருந்தார்.

முதல் மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டபோது வாயில் வந்த பொய் அது. சிரிப்பு கிடைத்தது, விட மனம் வரவில்லை. அப்பாவோ டப்ளின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். இன்றைக்கு டிவியில் மட்டும் அந்தக் கதையைத் தொடாமல், மாட்டுச் சந்தைக் கதையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

நிகழ்ச்சி வேலையெல்லாம் பார்க்கும் க்ரான்யா எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயசுக்காரி, எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"கண்ணு, வீட்டுக்குப் பூசை அட்டை அனுப்பியிருந்தோமே, வந்துச்சா?"

எங்கள் நாட்டில் ஒருவர் செத்தார் என்று காதில் விழுந்தால் போதும், அவர் ஆன்மாவுக்குத் தேவாலயத்தில் பூசை வைக்கச் சொல்லி, பாதிரியாரிடம் கையெழுத்து வாங்கிய அட்டையை அனுப்பாமல் யாருக்கும் சாப்பாடு இறங்காது. நிஜமாகவே செத்தாரா என்று மட்டும் ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

"எ... எந்த வீட்டுக்கு?"

"லீட்ரிமுக்குத்தான். டோனல் ஆன்மா சாந்திக்குன்னு நானே எழுதினேன். உங்கம்மாவுக்கு போன் போட்டுத் துக்கமும் கேட்டேன். பாவம், பேச்சே வரல. இங்க வந்து பாக்க ரெண்டு சீட்டு வேணும்னு மட்டும் கேட்டாங்க. வந்து உக்காந்துட்டாங்க."

"ரெண்டா? கூட யாரு?"

"யாரோ பெரியவரு. வாயே தொறக்கல."

"என்னால முடியாது. நான் போறேன்."

"மேடை பயம் எல்லாருக்கும் வர்றதுதான். போ கண்ணு, போ!" என்று க்ரான்யா முதுகில் கைவைத்து வெளிச்சத்துக்குள் தள்ளிவிட்டாள்.

இரண்டாவது வரிசையில் அம்மா தலை குனிந்திருந்தாள். பக்கத்தில் அப்பா. சாவுக்கு மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஓர்லா மாட்டுச் சந்தைக் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

"சந்தையெல்லாம் இருக்கட்டும்மா," என்றான் மலாக்கி. "அப்பா சாவுக்கு வருவோமா?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஒளிய இடமில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் மறுபடியும் பொய் சொல்ல அவளுக்குத் துணிச்சலும் இல்லை.

"எங்கப்பா சாகல. இதோ, ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரு."

அரங்கம் அதிர்ந்தது. இதுவும் நகைச்சுவை என்றே எல்லோரும் நினைத்தார்கள். மலாக்கி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கேமரா திரும்பியது, மைக் அப்பாவின் வாய்க்குப் போனது.

"ஐயா, செத்தவரு நீங்கதானா? மேல எல்லாம் எப்படி இருக்கு?"

டோனல் மெல்ல எழுந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், நாளைக் காலையில் நாடு முழுக்க அவள் பெயர் நாறிவிடும்.

"நான் அவரோட தம்பிங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. மலாக்கி நெளிந்தான். "மன்னிச்சுக்கங்க ஐயா. அண்ணன் எப்படிப்பட்டவரு?"

"பெருசா ஒண்ணுமில்லைங்க. மாடு வெச்சிருந்தாரு. சிரிக்க வைக்கல்லாம் தெரியாது. பொண்ணு மேல உசுரா இருந்தாரு. அது அவளுக்குத் தெரிஞ்சுதோ என்னவோ."

ஓர்லா உடைந்து அழுதாள். அப்பாவை இழந்த பெண் அழுகிறாள் என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

விளம்பரம் போட்டதும் இரண்டாவது வரிசைக்கு ஓடினாள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா..."

"சித்தப்பான்னு கூப்பிடும்மா," என்றார் டோனல். "எல்லாரும் பாக்குறாங்க."