கவிழ்த்து வைத்த சீட்டு

விதின் நகரத்து மீனவர் சங்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் போக்கர் போட்டியில் ராங்கெல் ஆறுமுறை ஜெயித்தவர். டயர் கடைக்காரர். எதிராளியின் கழுத்தைப் பார்த்தே அவன் கையில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று பேர். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பேர்: அவரும், இறந்துபோன கமெனின் மனைவி நெதெல்காவும்.

கமென் இருபது வருஷம் ராங்கெலோடு ஆடியவன். நெதெல்கா சீட்டைத் தொட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. எந்தச் சீட்டு எதை வெல்லும் என்று மகள் எழுதிக்கொடுத்த தாளை மடியில் விரித்துவைத்து ஆடினாள்.

ராங்கெல் கைக்கு இரண்டு ராஜா வந்தது. தன் பந்தய வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

"யோசிச்சு ஆடும்மா. கவுத்து வெச்சு இந்த ஆட்டத்த விட்டுட்டா இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாம்."

"கவுக்கறதுக்கா வந்தேன்?" என்று அவளும் தள்ளினாள்.

இருவரும் சீட்டைத் திறந்து காட்டினார்கள். அவள் கையில் இருந்தது ஒரு நாலும் ஒரு ஒன்பதும். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளை மேஜை நடுவில் திறந்தார்கள். ஜாக்கி, ஒன்பது, மூன்று. அடுத்தது ஆறு. கடைசிச் சீட்டு இன்னொரு ஒன்பது.

நெதெல்கா தாளில் விரலை ஓட்டினாள். "மூணு ஒன்பது இருந்தா ரெண்டு ராஜாவுக்கு மேலதானே?"

ராங்கெலின் வில்லைகள் அவள் பக்கம் போயின.

தோற்பது ராங்கெலுக்குப் புதிதல்ல. ஆனால் இது விடவில்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அந்த ஒன்பது தெரிந்தது. கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது சீட்டு மேஜையில் விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "எனக்கும் அந்தத் தாளோட நகல் ஒண்ணு வாங்கிக் குடுண்ணே" என்று முடிதிருத்தும் கடைக்காரன் ஸ்தோயில் கிண்டல் செய்தான். அதுகூட உறைக்கவில்லை. 'கவுக்கறதுக்கா வந்தேன்' என்று அவள் சொன்னதில் வேறு யாரோ பேசியது போலிருந்தது. அதுதான் அவரை அரித்தது.

புதன்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

"கையில ஒண்ணுமே இல்லாம எப்படித் துணிஞ்ச?"

"நான் சீட்டைப் பாக்கல. உங்களத்தான் பாத்தேன்," என்றாள் நெதெல்கா. "அவரு கடைசி மூணு மாசம் படுக்கையில ஒரே பேச்சுதான் பேசினாரு. போன வருஷம் கடைசி ஆட்டத்துல உங்களுக்குப் பயந்து கவுத்துட்டாராமே. 'விட்டிருக்கக் கூடாதோ, நெதெல்கா?' மருந்து குடுத்தா அது, போர்வை மாத்தினா அது. நான்தான் சமாதானம் சொல்வேன். 'ராங்கெலுக்கு மூணு ராணி சேந்துச்சாம்ல, அவரு பொய் சொல்ற ஆளில்ல'ன்னு."

ராங்கெல் கடித்த துண்டைக் கீழே வைத்தார். கமென் அன்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு, என்ன வைத்திருந்தாய் என்று கேட்டான். அவன் தோளில் தட்டி, "மூணு ராணி, தப்பிச்ச போ" என்று சொன்னது இவர்தான்.

"நெசமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல. ஒரு எட்டு, ஒரு ரெண்டு. ஒண்ணுக்கும் ஆகாத சீட்டு."

அவள் மேஜையில் சிந்திய துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். "கவுக்காம இருந்திருந்தா அவரு ஜெயிச்சிருப்பாரா?"

"ஜெயிச்சிருப்பான்."

எடுத்த துணுக்குகளை ஜன்னலுக்கு வெளியே உதறினாள். பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னாள்: "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தீங்களே."

ராங்கெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை அவள் வரவில்லை.

இப்போதும் அவர் சங்கத்துக்குப் போகிறார், ஆடுகிறார். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், யாரும் கேட்காமலே தன் சீட்டைத் திருப்பிக் காட்டிவிடுகிறார். எதிரில் இருப்பவனைப் பார்த்துக் காட்டுவதில்லை. பக்கத்திலிருக்கும் காலி நாற்காலிப் பக்கமாகத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறார். அவர் ஆடும் விதம் இப்போது எல்லோருக்கும் அத்துப்படி. ஜெயித்தே பல நாளாகிறது.