திங்கட்கிழமைத் தண்ணீர்

1996 நவம்பர் 4, திங்கட்கிழமை. காலை ஏழே காலுக்கு நாட்டராயன் குளத்தில், வாய்க்கால் வந்து விழும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிக் கொட்டினேன். நான்காவது முறை கழுத்து வரை நிரப்பி மூடி, தேதி எழுதிய சீட்டை ஒட்டினேன். அடுத்த எட்டு மாதங்களும் இதே இடத்தில், இதே கிழமையில், இதே மணிக்கு இதைச் செய்தேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. தீபாவளிக்கு மறுநாளும், பொங்கலுக்கு முந்தின நாளும், காய்ச்சலோடு ஒரு நாளும் போயிருக்கிறேன்.

கரையில் அலுமினியக் குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பார் முத்தாத்தாள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண் உறுப்பினர். பிடிக்கிற மீனைப் பல்லடம் வரை கொண்டுபோய் விற்பவர். டிசம்பரில் ஒரு நாள் கேட்டார்.

"ஏந்தம்பி, எப்பப் பாத்தாலும் திங்கக்கெழமையே வாரீங்களே. நடுவால ஒரு நா வரக்கூடாதுங்களா?"

"ஒரே நாள்ல எடுத்தாத்தானுங்க்கா ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாக்க முடியும்."

"வெசாழக்கெழமை வந்து தண்ணியில காலை வெச்சுப் பாருங்க கண்ணு. பஸ் ஏற வரைக்கும் சொறிஞ்சுட்டே போவீங்க."

"ஒரு நாளைக்கு வாரேனுங்க்கா."

"வருவீங்க, வருவீங்க. பொண்ணுப் பாக்கக் கூப்புட்டாலும் திங்கக்கெழமைதான் வருவேம்பீங்களாட்ட இருக்குது."

இருவரும் சிரித்தோம். எந்த வியாழனும் நான் போகவில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்தியூரிலிருந்து வந்து விலங்கியல் படித்து முடித்து, கிடைத்த முதல் வேலை. மீனவர்களும் அரசுத் துறையும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து குளத்தைச் சீர்படுத்தி மீன்பிடிப்பை முறைப்படுத்தும் திட்டம். நான் கள உதவியாளர். கூட்டங்களில் பேசுவதை எழுதி வைப்பது, பிடித்த மீனை எடை போட்டுக் குறிப்பது, தண்ணீர் எடுத்துக் கோயமுத்தூர் ஆய்வகத்தில் கொடுப்பது, வருகிற எண்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. அதற்கொரு கையேடு கொடுத்திருந்தார்கள். அது கடற்கரையில் ஆறு கடலோடு சேரும் கழிமுகங்களுக்காக எழுதப்பட்டது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் சுந்தரராஜுலு சார் 'கழிமுகம்' என்ற சொல்லை அடித்து, மேலே 'குளம்' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். கடலுக்கு ஓதம், அதாவது நீர் ஏற்ற இறக்கம் உண்டு, ஆகவே ஒரே ஓதத்தின்போது மட்டும் நீர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்களை ஒப்பிட முடியாது என்று அதில் இருந்தது. எங்கள் குளத்துக்கு ஓதம் ஏது? ஆய்வகத்திலும் திங்கட்கிழமை மட்டுமே பாட்டில் வாங்கினார்கள். ஓதம் என்ற இடத்தில் நான் திங்கட்கிழமையை வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 24 அன்று சங்கக் கூட்டம். குளத்தில் விட்டிருந்த கட்லா, ரோகு மீன்குஞ்சுகள் நன்றாக வளர ஜூன் கடைசி வரை யாரும் வலை போடக்கூடாது என்று திட்டத்தில் சொன்னார்கள். ஐந்து மாதம். முப்பத்திரண்டு குடும்பங்களும் அதுவரை செங்கல் சூளைக்கும் விசைத்தறிக்கும் கூலிக்குப் போயாக வேண்டும். சங்கத் தலைவர் அரங்கசாமி அதிகம் பேசாதவர். எல்லோரும் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி நல்லா இருக்குதுங்களா தம்பி? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டு திங்கட்கிழமைகளை வாசித்தேன். உப்பு, காரம், உயிர்வாயு, எல்லாம் அளவுக்குள் இருந்தன. "நல்லா இருக்குதுங்க," என்றேன். கை தூக்கினார்கள். முத்தாத்தாள் கடைசியாகத் தூக்கினார்.

மே 10, சனிக்கிழமை. என் அறைக்குக் கீழே இருந்த மருந்துக் கடைக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குளத்தின் தென்கரை முழுவதும் வெள்ளையாக இருந்தது. முக்கால் கிலோ, ஒரு கிலோ மீன்கள் வயிறு மேலே தெரிய ஒன்றன்மேல் ஒன்று ஒதுங்கிக் கிடந்தன. கோடையில் குளம் வற்றி இடுப்பளவுக்கு வந்திருந்தது. தண்ணீர் கருநீலமாக இருந்தது. நாய்கள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. ஆண்கள் குழி வெட்ட, பெண்கள் கூடையில் அள்ளி வந்து கொட்டினார்கள். இரண்டு நாள் ஆனது. முத்தாத்தாள் விற்கப் போகிற மாதிரி ஒரு கட்லாவை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"இன்னும் அம்பதே நாளு," என்று சொல்லிக் குழியில் போட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேயே தங்கி, கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாய்க்காலில் மேலே பதினான்கு கிலோமீட்டரில் சாயப்பட்டறைகள். அங்கிருந்து தண்ணீர் வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பட்டறைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு நான் பிடித்ததெல்லாம் விடுமுறை நாளின் தண்ணீர். குளத்துக்கும் ஏற்ற இறக்கம் இருந்திருக்கிறது. அது எந்தக் கிழமையில் ஏறும் என்பதைத் தண்ணீரில் நின்றவர்கள் எனக்குச் சொல்லியும் இருந்தார்கள்.

வாய்க்காலில் சாயக் கழிவு விடுவதைத் தடுக்க வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுத்தது. விசாரணை முடியும் வரை பட்டறைகள் கழிவை நிறுத்தி வைத்ததால் புதிதாக அளந்து காட்டவும் வழியில்லை. ஜூலை 16 அன்று அதிகாரி முன்னால் விசாரணை. எங்கள் ஆண்டறிக்கையில் 'நீர் சீராக உள்ளது' என்று அச்சாகியிருந்ததைப் பட்டறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு, மூலப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

சுந்தரராஜுலு சார் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க நசுருதீன். இன்னும் நாலு குளத்துக்கு அனுமதி வர்ற நேரம்."

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் அரங்கசாமி என் அறைக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பதிவுக்கும் நடுவில் நான் ஒரு வரி விட்டு எழுதுவது வழக்கம். படிக்க வசதியாக இருக்கும்.

"நடுவால வரி வெத்தாக் கெடக்குதுங்களே."

"ஆமாங்க."

"அதுல வெசாழக்கெழமைத் தண்ணிய எழுதிப்போடுங்க. நாலஞ்சு போதும்."

"நான் அளக்கலீங்களேண்ணா. எத்தனைன்னு எழுதறது?"

"அளந்திருந்தா எத்தனை இருந்திருக்குமோ, அத்தனை." பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "பொய் எழுதச் சொல்லலீங்க தம்பி. நடந்ததைத்தான் சொல்றேன். நாளைக்கு உட்டா இனி எப்பவும் இல்லீங்க."

சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு அதே பேனாவை எடுத்தேன். மார்ச் 3க்கும் 10க்கும் நடுவே இருந்த வரியில் '6.3.97, வியாழன்' என்று எழுதினேன். அடுத்த கட்டம் உப்பு. இரண்டாயிரமா, நாலாயிரமா, ஐயாயிரமா? எதைப் போட்டாலும் யாராவது நம்பியிருப்பார்கள், என் கையெழுத்து அப்படிப்பட்டது. ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். கட்டத்தில் ஒரு எண்ணும் ஏறவில்லை. எழுதிய தேதியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பதிவேட்டில் அதுவரை ஒரு அடித்தல்கூட இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

விசாரணையில் நானாகவே சொன்னேன். எடுத்ததெல்லாம் திங்கட்கிழமைத் தண்ணீர், ஞாயிறு பட்டறை விடுமுறை, இதை வைத்து மற்ற ஆறு நாளைச் சொல்ல முடியாது என்றேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். எனக்குப் பின்னால் பெஞ்சில் சங்கத்தார் அசையும் சத்தம் கேட்டது. பட்டறைகளின் வக்கீல் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"இது என்னங்க தம்பி, ஒரு வெசாழக்கிழமை தேதி மட்டும் இருக்கு? பக்கத்துல ஒண்ணையும் காணோம்?"

அதிகாரி பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "இது எப்ப எழுதினது?"

"நேத்துங்க ஐயா."

"யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க ஐயா."

அந்த அறையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதன் பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை. வக்கீலும் பேசவில்லை, அவருக்கு அவசியம் இருக்கவில்லை. 'பதிவேடு திருத்தப்பட்டுள்ளது, போதிய ஆதாரம் இல்லை' என்று இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது.

விசாரணை முடிந்த அன்று வெளியே வேப்பமரத்தடியில் அரங்கசாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

"தேதிய எழுதீட்டு ஏந்தம்பி நிறுத்துனீங்க?"

கேட்டுவிட்டு அவர் மற்றவர்களோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஆகஸ்டோடு என் வேலையும் முடிந்தது. சங்க அறைச் சாவியை ஒப்படைக்கப் போனேன். கரைப்பாதை ஒற்றை ஆள் அகலம்தான். எதிரே ஒரு பரிசல் கவிழ்ந்தபடி நடந்து வந்தது. அடியில் தார் பூசிய பெரிய கறுப்பு ஓடு. அதன் கீழே முழங்காலுக்குக் கீழ் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. நான்கும் கணுக்காலுக்கு மேல்வரை வெடித்துத் தோல் உரிந்திருந்தன. பின்னால் இன்னொரு பரிசல், அதன் பின்னால் இன்னொன்று. ரோட்டில் லாரி நின்றிருந்தது. சங்கத்தார் ஏதோ அணைக்குக் கூலிக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"சாவிங்க," என்றேன். எந்தப் பரிசலைப் பார்த்துச் சொல்வதென்று தெரியவில்லை.

"சித்தெ ஓரமா நில்லுங்க தம்பி." உள்ளேயிருந்து வந்த குரல் யாருடையது என்று பிடிபடவில்லை. கோபம் இல்லாத குரல். சுமை தூக்குகிறவன் எவரிடமும் சொல்வதுதான்.

கரைச் சரிவில் ஒரு காலை ஊன்றி ஒதுங்கினேன். பரிசலின் விளிம்பு என் சட்டையில் உரசித் தார்க்கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. கால்கள் ஒரே தாளத்தில் நகர்ந்தன. கடைசிப் பரிசல் திருப்பத்தில் மேடேறும்போது லேசாகச் சாய்ந்தது, கீழேயிருந்து ஒரு கை வெளியே வந்து விளிம்பைப் பிடித்து நிமிர்த்தியது. அப்புறம் அந்தக் கையும் உள்ளே போய்விட்டது.