கர்னலின் பிள்ளைகள்

என் அண்ணன் ஒஸ்மரினோ ஜனவரி மழையில் படகோடு ஆற்றில் போனான். படகு கரை ஒதுங்கியது. அவன் கிடைக்கவே இல்லை. வீட்டில் மிஞ்சியது ஜசிரா அண்ணியும் அவன் வளர்த்த ஜிபோயா மலைப்பாம்பும்தான். பிள்ளை கிடையாது.

பாம்புக்குக் கர்னல் என்று பெயர். அசாயிப் பழக் கூடைக்குள் விரல் தடிமன் குட்டியாக வந்ததை அண்ணன் எடுத்து வளர்த்தான். அதன்பின் அது இன்னொரு பாம்பைக் கண்டதில்லை. கம்பிவலை அடித்த மரப்பெட்டி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு, மூழ்கிக் கிடக்க ஒரு தொட்டி, இவ்வளவுதான் அதன் உலகம். கண் பாலாக மங்கினால் தோலுரிக்கப் போகிறது, தொடக்கூடாது. கோழி அறுத்த கையோடு கிட்டே போகக்கூடாது. எல்லாம் அண்ணிக்கு அவன் சொல்லித்தந்தவை.

அவன் போனபின் கர்னல் எலியைத் தொடவில்லை. பல்புக்கு அடியில் வயிற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் நான் படியேறும்போது அண்ணியின் குரல் கேட்டது.

"கொஞ்சம் சாப்பிடுங்க. இப்படிக் கெடந்தா எப்படி?"

"யாருக்கு அண்ணி இவ்வளவு மரியாதை?"

"கர்னலாச்சே, துல்சே. பதவிக்கு ஏத்த மாதிரி பேச வேணாமா?" சிரிக்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தோள்ல ஏறினா அவரு கை போட்ட கனம் அப்படியே இருக்கு."

நான் பெட்டியை விட்டுத் தள்ளி நின்றேன். "காட்டுல விட்டுடலாம் அண்ணி."

"ஒருத்தரைத்தான் ஆத்துக்குக் குடுத்தாச்சே. போதும்."

ஜூன் மாதம், மழை கொட்டிய ஒரு மதியம், அண்ணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். ஓடினேன். பெட்டிக்குள் ஈரப் பையைக் கிழித்துக்கொண்டு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. கர்னல் களைத்துப்போய் அசையாமல் கிடந்தது.

"ஆம்பளைன்னுதானே உங்க அண்ணன் சொன்னாரு?"

"படகைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்?"

அண்ணி குட்டிகளையே பார்த்தாள். "அப்ப அப்பன் யாரு?"

தகரக் கூரையில் மழை அடித்தது.

பெலெம் நகரத்திலிருந்து வந்த மிருக வைத்தியர் சாதாரணமாகத்தான் சொன்னார்: அபூர்வமாக ஆண் சேராமலே குட்டி போடுவதுண்டாம். அவர் போனதும் அண்ணி சொன்னாள்: "அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா புள்ள வேணும்னு போற வழியெல்லாம் இந்த ஆத்தையே கும்பிட்டது உங்க அண்ணன்."

குட்டிகள் முதல் தோல் உரித்ததும், அவற்றைக் கூடையில் மூடி எடுத்துக்கொண்டு ஆற்றுநீர் புகுந்து நிற்கும் காட்டுக்குப் படகில் போனோம். அண்ணி ஒவ்வொன்றையும் கிளையில் இறக்கிவிடும்போது ஒரு பெயர் சொன்னாள். மார்சியோ. எலெனிசி. ஜொவீட்டா.

"என்ன பேரு அண்ணி இதெல்லாம்?"

"பொறந்தா வைக்கணும்னு நாங்க எடுத்து வச்சிருந்தது."

கூடை காலியானது. இலைகளுக்குள் ஏதோ நகர்ந்துகொண்டே இருந்தது. காற்று இல்லை.

மறுநாள் அண்ணி முதல்முறையாகத் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திக்கொண்டு, அண்ணன் பெயரில் பூசை வைக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் போனாள். அதுவரை யார் சொல்லியும் கேட்காதவள்.

அந்த மரங்களைத் தாண்டிப் படகு போகும்போது நான் இன்னும் தண்ணீரில் கை நனைப்பதில்லை.