கலவரம் நீங்கலாக

கண்டி இன்சூரன்ஸ் கந்தோரின் மர வாங்கில் காலை எட்டரையிலிருந்து டிரைவர் பற்றிக் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான நீள உறை. யாரும் யாரோடும் பேசவில்லை. மேசைக்கு அழைக்கப்பட்டவர்கள் மெதுவாகப் போனார்கள். திரும்பி வரும்போது உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்கள்.

பற்றிக் தன் உறையைத் திறக்கவில்லை. கடிதத்தில் இருந்ததை முந்தாநாளே மனைவி தெரேசா வாசித்துச் சொல்லிவிட்டாள். அவள் கன்னியர் மடத்துப் பாலர் வகுப்பில் படிப்பிக்கிறவள், இங்கிலீஷ் தெரியும். ஒரு தரம் வாசித்தாள், பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம். "போன வருசம் கட்டினதப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேக்குறாங்க" என்றாள்.

"தப்பா அடிச்சிருப்பாங்க. போய்க் கேட்டா சரி பண்ணிருவாங்க."

அந்த நம்பிக்கையில்தான் வந்திருந்தான். பெரியாஸ்பத்திரி முன்னால் ஹயருக்கு நிற்கும் ஒஸ்டின் கார் அவனுடையது. பதினான்கு வருடம் ஒரு முதலாளியின் காரை ஓட்டி, கடைசியில் அதே காரை அவரிடமே வாங்கியிருந்தான். இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்த பத்திரத்தை அரசாங்கக் கச்சேரியில் காட்டினால்தான் வருட லைசன்ஸ் தருவார்கள். லைசன்ஸ் இல்லாமல் ஸ்டாண்டை விட்டு ஒரு முழம் நகர முடியாது.

பத்தரைக்கு அவன் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இருந்தவர் இராஜரத்தினம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்து மனுசர், கண்டிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை. கடிதத்தை வாங்கியதும் அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து விரித்தார்.

"இருங்கோ தம்பி. ஒஸ்டின் கார்தானே? பிழை ஒண்டும் இல்லை. கணக்கு சரி."

"எப்படிங்கய்யா சரி? வண்டி அதே வண்டி. ஒரு வயசு கூடியிருக்கு, அவ்வளவுதான். வெல கொறையத்தானே வேணும்?"

இராஜரத்தினம் பேனையின் பின்பக்கத்தால் கடிதத்தின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். "இஞ்ச பாருங்கோ. ஒன்பது வருசமா நீங்கள் நட்டஈடு ஒண்டும் கேக்கேல்லை. அதுக்காக ஒவ்வொரு வருசமும் கழிச்சுக்கொண்டு வந்தது. போன வருசம் கேட்டனீங்கள். அதால அந்தக் கழிவு இல்லாமப் போட்டுது."

"போன வருசம் கேட்டது எதுக்குன்னு அதுல இல்லீங்களா?"

"இருக்குது. முன்கண்ணாடி, இடப்பக்கத்து ரெண்டு கதவு, கூரை."

"கல்ல நானாங்கய்யா எறிஞ்சேன்?"

அடுத்த மேசையில் தட்டச்சு ஓசை நின்று, மறுபடி தொடங்கியது. இராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "ஆர் எறிஞ்சதெண்டு இதில கேள்வியில்லை. கேட்டதோ, கேக்கேல்லையோ. அவ்வளவும்தான்."

போன வருடக் கலவரம் பற்றிக்கின் கண்முன் வந்தது. ஜூலை மாதத்தில் அந்த ஒரு நாள். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரியாமல், வெறும் வண்டியோடு வந்து மாட்டிக்கொண்டான். முதல் கல்லிலேயே கண்ணாடி மடியில் கொட்டியது. புருவத்திலிருந்து இரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூட, மற்றக் கண்ணால் பார்த்து ஓட்டிவந்து மக்கீன் நானாவின் கராஜுக்குள் விட்டான். மக்கீன் நானா ஒரு வார்த்தை கேட்கவில்லை. லொறித் தார்ப்பாயை இழுத்துக் காருக்கு மேல் போர்த்து, அதன்மேல் பழைய டயர்களை அடுக்கினார். ஐந்து நாள் கார் அங்கேயே கிடந்தது. நட்டஈடு கேட்டு எழுதியதில் பாதிதான் வந்தது, அதுவும் கிறிஸ்மஸுக்குப் பிறகு.

"மற்றது," என்றார் இராஜரத்தினம், "முந்தி கலவரத்துக்கும் இதுக்குள்ளயே காப்பு இருந்தது. இப்ப அதைப் புறம்பாக்கிப் போட்டினம். வேணுமெண்டால் தனியக் கட்டவேணும். இரவில வண்டி நிக்கிற இடத்தைப் பாத்துத்தான் அதின்ர வீதம். நீங்கள் மஹய்யாவ எண்டு குடுத்திருக்கிறீங்கள்."

"வீடு அங்கதானே இருக்கு."

"ஓம். மஹய்யாவைக்கு வீதம் கூட."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொழும்பில இருந்து இடங்களின்ர பேரோட ஒரு பட்டியல் வந்திருக்கு. மாத முடிவுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு. யோசிச்சுப்போட்டு வாங்கோ."

ஸ்டாண்டில் அவனுடைய இடத்தை டிக்கிரி பண்டா பிடித்து வைத்திருந்தார். பன்னிரண்டு வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள். சிங்களவரான பண்டாவுக்கு அம்பிட்டியில் வீடு, மொரிஸ் மைனர் கார். இருவரும் பேசிக்கொள்வது சிங்களத்தில்தான்; பண்டாவுக்கு இவன் மல்லி, தம்பி; இவனுக்கு அவர் அய்யே, அண்ணன். பற்றிக் சொன்னதையெல்லாம் பொனட்டில் சாய்ந்தபடி கேட்ட பண்டா, வெற்றிலையை ஓடைக்குள் துப்பிவிட்டு உடனே வழி சொன்னார்.

"என் வீட்டு விலாசத்தக் குடு மல்லி. ராத்திரி வண்டி அங்க நிக்குதுன்னு எழுது."

"பொய் விலாசம் குடுத்திருக்கேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒரு பஸ் வந்து இடிச்சாக்கூட ஒரு சதம் தரமாட்டாங்க அய்யே."

பண்டா கொஞ்சம் யோசித்தார். "அப்ப வண்டிய என் பேருக்கே எழுதிரு. பேருக்கு மட்டும். ஓட்டுறது நீ, ஒழைப்பு ஒன்னோடது. பேரும் விலாசமும் என்னோடது. அப்ப பொய் இல்லையே?"

அதில் கள்ளம் எதுவும் இல்லை என்று பற்றிக்குக்குத் தெரியும். அந்த ஜூலையில் பண்டா மூன்று நாள் அரிசியும் கருவாடும் தூக்கிக்கொண்டு, மாதா கோவிலில் தஞ்சமடைந்திருந்தவர்களைத் தேடி நடந்தே வந்தவர். ஆனால் அதே வாரம் பண்டாவின் மைத்துனன், முன்பு அவனிடம் இல்லாத ஒரு பெரிய ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டைக் கடந்து போனதையும் பற்றிக் பார்த்திருந்தான். பண்டாவும் பார்த்திருந்தார். அதைப்பற்றி இருவரும் இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் அய்யே" என்றான்.

தெரேசா மாலையில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பண்டா அண்ணன் நல்ல மனுசன். அவர நா ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் என்னா?"

"எங்க அப்பாவுக்கு இந்த நாட்டுல பேரில்லாம இருந்து, எத்தன மனு எழுதி, எத்தன வருசம் அலஞ்சு ஒரு பிரஜாவுரிமைக் கடுதாசி கெடச்சுச்சு. ஒங்களுக்கும் அப்பிடித்தானே. இப்ப நம்ம கையில இருக்குறதுல நம்ம பேரு இருக்குறது இந்த ஒரு வண்டியிலதான். வீடும் கூலி வீடு." அவள் சிலேட்டைக் கீழே வைத்தாள். "அதையும் நாமளே போய் அழிச்சிட்டு வரணுமா?"

"அப்ப அந்தக் கலவரக் காசக் கட்டணும். எங்க போக? டயர் ரெண்டும் வழுக்கை. அத மாத்தாம மடுல்கெல்ல ஏத்தத்துல எப்பிடி ஏறுறது?"

டயர் மாற்றாவிட்டால் இன்றைக்கே ஆபத்து; காப்பு இல்லாதது கலவரம் வந்தால்தான் ஆபத்து. வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகும் அதைத்தான் மாற்றி மாற்றிப் பேசினார்கள். "திரும்பவும் செய்வாங்களா?" என்று அவன் கேட்டான். "எழுவத்தேழுக் கலவரத்துக்குப் பெறகும் இப்பிடித்தான் கேட்டீங்க" என்று அவள் சொன்னாள்.

மறுநாள் பண்டாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பற்றிக் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்து ஒன்றை அவரிடம் கொடுத்தான். அவன் வாயைத் திறக்குமுன்னே பண்டா கேட்டார்: "நம்பிக்கை இல்லையா மல்லி?"

"ஒன்ன நம்புறேன் அய்யே. ஆனா ஒரு நாள் யாராவது ஒன் வீட்டு வாசலுக்கு வந்து, 'தமிழன் வண்டிய ஏன் ஒன் பேர்ல வச்சிருக்க'ன்னு கேப்பான். அப்ப நீ என்னா சொல்லுவ? அந்த எடத்துல ஒன்ன நிறுத்த எனக்கு மனசில்ல."

பண்டா தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கப்போகிறவன் யாராக இருக்கும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு துணியை எடுத்து, தன்னுடைய காரைத் துடைத்தவர், பற்றிக்கின் காரையும் சேர்த்துத் துடைத்தார்.

மூன்றாம் நாள் காலை பற்றிக் மறுபடியும் இராஜரத்தினத்தின் மேசை முன்னால் இருந்தான்.

"கலவரம் வேணாங்கய்யா" என்றான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது.

இராஜரத்தினம் சிரிக்கவில்லை. "மிச்சம் எல்லாம் இருக்கட்டும், அது மட்டும் வேண்டாம், அப்பிடியோ?"

"ஆமாங்க. இடிபட்டா, திருட்டுப் போனா, அதெல்லாம் இருக்கட்டும்."

"அப்ப நீங்கள் ஒரு கடிதம் தரவேணும். உங்கட விருப்பத்தோடதான் அதை விட்டனீங்கள் எண்டு."

"தமிழ்ல எழுதலாங்களா?"

"மேல ஏற்கமாட்டினம். நான் இங்கிலீசில எழுதுறன். முதல்ல தமிழில சொல்லுறன், கேளுங்கோ. பிறகு எனக்குத் தெரியாதெண்டு சொல்லக்கூடாது." அவர் ஒரு தாளை எடுத்து நேராக வைத்துக்கொண்டார். செய்தி வாசிப்பவரைப்போல அவருடைய தமிழ் மாறியது. "'கலவரம், வேலைநிறுத்தம், மக்கள் குழப்பம் ஆகியவற்றினால் எனது வாகனத்துக்கு ஏற்படக்கூடிய எந்தச் சேதத்துக்கும், அது முற்றாக எரிந்து அழிந்தாலும், நான் நட்டஈடு கோரமாட்டேன். இதனை எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதித் தருகிறேன்.' விளங்குதோ?"

"கடைசியில சொன்னது என்னாங்க?"

"எவருடைய வற்புறுத்தலும் இன்றி."

பற்றிக் தலையாட்டினான். இராஜரத்தினம் எழுதினார். அவருடைய கையெழுத்து சிறியது, ஒரு வரியும் சாயவில்லை. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி குத்தினார்.

பேனையைக் கையில் எடுத்த பற்றிக், அதை வைத்துக்கொண்டே கேட்டான்: "இப்பிடி நெறையப் பேர் எழுதிக் குடுக்குறாங்களாங்கய்யா?"

அவர் சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "என்ர ஸ்கூட்டருக்கு நானும் எழுதித்தான் குடுத்தனான். எழுதினதும் நான்தான், வாங்கி முத்திரை குத்தினதும் நான்தான்." கோப்பின் நாடாவை அவர் கட்டினார், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. "மே மாசத்தில மாற்றம் கேட்டிருக்கிறன், ஊருக்கு. அங்கயும் இப்ப ஆமி. என்ன செய்யிறது, போடுங்கோ தம்பி."

பற்றிக் பென்சில் புள்ளியின்மேல் தன் பெயரை எழுதினான். இராஜரத்தினம் முத்திரையை மைப்பஞ்சில் இரண்டு தரம் அழுத்தி எடுத்து, தாளில் குத்தினார்.

அன்று மத்தியானத்துக்குள் கச்சேரி வேலையும் டயர் மாற்றும் வேலையும் முடிந்தன. ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பம் வண்டிக்கு நின்றது. மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். கொழுந்து லொறி புரண்டதில் கால் உடைந்த ஒருவர். அவருடைய மனைவி ரத்தினம்மா. பண்டாவும் பற்றிக்கும் சேர்ந்து மாவுக்கட்டுப் போட்ட காலைப் பின்சீட்டில் நீட்டி வைத்தார்கள். ரத்தினம்மா கணவரின் தலையைத் தாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போங்கண்ணே. குலுங்கினா அவரு தாங்கமாட்டாரு."

"தூங்கிட்டே வரச் சொல்லுங்கம்மா. ஒரு குழியிலயும் விடமாட்டேன்."

மஹய்யாவைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மேளம். பிறகு நூறு தொண்டைகள் ஒரே நேரத்தில். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. மரங்களுக்கு மேலாகக் கொடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. பற்றிக்கின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. காரை ஓரங்கட்டினான்.

"கண்ணாடிய ஏத்துங்க. தலையக் குனிஞ்சுக்கங்க" என்றான்.

கதவைத் திறந்து இறங்கினான். ஓடுவதற்கு இறங்கியவனைப்போல இரண்டடி எடுத்து வைத்தவன், திரும்பி வந்து காருக்கு முன்னால் நின்றான். முதுகைப் பொனட்டில் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்னால் விரித்து முன்கண்ணாடியை மறைத்தான். பொனட்டின் சூடு சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது.

வளைவில் ஒரு லொறி திரும்பியது. அதன்மேல் பள்ளிக்கூடப் பெடியன்கள். கழுத்துப்பட்டியைத் தலையில் கட்டியிருந்தார்கள், கொடி பிடித்திருந்தார்கள், வைக்கோல் தொப்பி அணிந்திருந்தார்கள். கிரிக்கெட் மெட்சுக்கு ஊர்வலம் போகிறார்கள். பின்னால் இன்னும் இரண்டு லொறி, பிறகு சைக்கிள்கள். ட்ரம்பெட் ஒன்று சுதி தப்பி அலறியது. ஒரு பையன் குதித்து இறங்கி ஓடிவந்து, தொப்பியை மல்லாத்தி நீட்டினான். "அங்கிள், மெட்சுக்கு ஏதாவது போடுங்க!" என்று சிங்களத்தில் கேட்டு, வாய் நிறையச் சிரித்தான். பதினைந்து வயதிருக்கும். மேலுதட்டில் வியர்வை. பற்றிக்கின் கைகள் அசையவில்லை. பையன் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். சிரிப்புக் குறைந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு லொறியைத் துரத்தி ஓடினான்.

மேளச்சத்தம் டவுன் பக்கமாகத் தேய்ந்து போயிற்று. பின்னால் வந்து நின்ற பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. ரத்தினம்மா கண்ணாடியைப் பாதி இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"இஸ்கூல் புள்ளைங்கதாண்ணே. போயிட்டாங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விரித்த கைகளை விரித்தபடியே, வெறும் வளைவைப் பார்த்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றான்.