ஊசி முளைத்த புட்டிகள்

எழுபத்தெட்டாம் வருஷத்து மழை, தண்டலம் பக்கத்துச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த கரண்டையெல்லாம் குடித்துவிட்டது. மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு எரியும்வரை, டாக்டர் ஆபிரகாம் வீங்கின முட்டிகளிலிருந்து உறிஞ்சித் தரும் நீரைக் காப்பது லேப் பார்க்கும் லூர்தம்மாளின் பாடு. நீர் கட்டிதட்டிவிடுமோ என்று பயந்து, ரத்தம் உறையாமலிருக்க வைத்திருந்த வெள்ளைப் பொடி போட்ட புட்டிகளில் அடைத்து ஐஸில் புதைத்தாள்.

கல் லாரி ஓட்டும் நாகப்பனின் முட்டி பூசணிக்காய்க்கே அண்ணன். நீரில் ஊசி ஊசியாக உப்பு இருந்தால் கவுட் என்கிற மூட்டுவாதம். மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் உள்ளே சீழ். முட்டியைத் திறந்து கழுவாவிட்டால் காலே போய்விடும்.

மத்தியானம் கரண்ட் வந்தது. வெளிச்சத்தை மறைத்து உப்பை மட்டும் மினுக்கிக் காட்டும்படி, கூலிங்கிளாஸில் வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே நாகப்பனின் நீரை வைத்துப் பார்த்தாள். கும்மிருட்டில் ஊசிகள் மின்னின.

"இன்னா சிஸ்டர், காலு கீதா, பூடுச்சா?"

"கீது. கவுட்டுதான். கறிய நிறுத்துங்க."

"அதுக்கு நீ காலையே எட்துக்க."

நாகப்பன் நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

அடுத்த புட்டி, சைக்கிளிலிருந்து விழுந்த சிறுமி கிரேசியுடையது. ஊசி. விழுந்து அடிபட்ட பிள்ளைக்கு ஏது கவுட்? அதற்கடுத்ததிலும் ஊசி. லூர்தம்மாளுக்குத் தன் முட்டியே சுருக்கென்றது. கண்ணாடிக்கடியில் அவை அவளையே திரும்பிப் பார்த்தன.

பொடி போட்ட இன்னொரு புட்டியில் கிணற்று நீரை ஊற்றினாள். காய்ச்சினால் அண்டாவே இரண்டு சுற்றுப் பருக்குமளவு சுண்ணாம்பு கரைந்த நீர். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஊசிகள், காடாக.

"கிணத்துக்குமா கவுட்டு?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அதே நீரை வெறும் புட்டியில் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கிணற்று நீரோ முட்டி நீரோ, எதில் சுண்ணாம்பு இருந்தாலும் அதைப் பிடித்து ஊசியாக வளர்த்தது அந்த வெள்ளைப் பொடிதான்.

செருப்பில்லாமல் ஓடினாள். பஸ் படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்த நாகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாம்மா, ரவுடி மாதிரி."

"எறங்குங்கண்ணே. நான் சொன்னது தப்பு."

டாக்டர் அவன் முட்டியில் மறுபடி ஊசி போட்டு நீர் எடுத்தார். பொடியில்லாத புட்டி; ஆறுமுன் கண்ணாடிக்கடியில் வைத்தாள். வட்டம் முழுக்க இருட்டு. தேடத் தேட, ஒரு மினுக்குகூட இல்லை. ஊசி இல்லையென்றால் உள்ளே சீழ்தான்.

"டாக்டர், கத்திய கொதிக்க வைக்கச் சொல்லுங்க," என்றாள், கண்ணை எடுக்காமல்.